காலாப்பட்டு கட்டணத்தை அரியாங்குப்பம் எம்.எல்.ஏ. ஏன் குறைக்க முடியாது? புதுச்சேரியில் கல்வி அதிகாரம் யார் கையில்?

புதுச்சேரி நகரத்துக்குத் தெற்கே, கடலூர் சாலையில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் அரியாங்குப்பம். நகரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 12 கி.மீ. போனால் காலாப்பட்டு. அங்கேதான் சுமார் 800 ஏக்கரில் புதுச்சேரி மத்திய பல்கலைக்கழகம் இருக்கிறது. புது பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை பஸ் மாறினால் போய்விடலாம்.

ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் ஏறினால், 'குறைங்க' என்று கேட்க அரியாங்குப்பத்துக்காரர்கள் யாரிடம் போக வேண்டும்? அவர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய எம்.எல்.ஏ.விடமா, கோரிமேடு சாலையில் காரில் போகும் அமைச்சரிடமா, முதல்வரிடமா, துணைநிலை ஆளுநரிடமா?

இவர்களில் யாராலும் அந்தக் கட்டணத்தை ஒரு ரூபாய்கூட குறைத்து உத்தரவு போட முடியாது. கடிதம் எழுதலாம், சட்டமன்றத்தில் பேசலாம், டெல்லிக்குப் போய் மனு கொடுக்கலாம். அதற்கு மேல் சட்டத்தில் இடமில்லை. ஏன் இப்படி? மாநில அந்தஸ்து கிடைத்தால் இது மாறிவிடுமா?

2020இல் என்ன நடந்தது?

2020 பிப்ரவரியில் காலாப்பட்டு வளாகத்தில் கட்டண உயர்வை எதிர்த்து மாணவர்கள் நாள்கணக்கில் போராடினார்கள். கட்டணத்தைத் திரும்பப் பெற வேண்டும், புதுச்சேரி மாணவர்களுக்கு எல்லாப் படிப்புகளிலும் 25 சதவீத இடம் வேண்டும் என்பவை முக்கியக் கோரிக்கைகள். அதே மாதத்தில் அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் வெங்கையா நாயுடு வளாகத்துக்கு வந்தபோது பலத்த போலீஸ் பாதுகாப்பு போடப்பட்டது. அவர் வெறும் விருந்தினர் இல்லை. குடியரசுத் துணைத் தலைவர்தான் இந்தப் பல்கலைக்கழகத்தின் வேந்தர்.

25 சதவீத இடம் என்பது புதுக் கோரிக்கை அல்ல. சில படிப்புகளில் மட்டும் 1990களில் இருந்தே உள்ளூர் மாணவர்களுக்கு இந்த ஒதுக்கீடு இருக்கிறது. 'நிலம் கொடுத்தது எங்க ஊரு, எல்லாப் படிப்பிலும் ஏன் தரக்கூடாது?' என்பதுதான் புதுச்சேரியில் பல ஆண்டுகளாகக் கேட்கப்படும் கேள்வி. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடே இல்லாமல் எல்லோரும் இதைக் கேட்டிருக்கிறார்கள். ஆனாலும் புதுச்சேரி சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டு இதைக் கொண்டுவர முடியாது.

சரி, அப்போ கட்டணத்தை யார்தான் முடிவு பண்றாங்க?

புதுச்சேரி பல்கலைக்கழகம் 1985ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தால் உருவானது. குடியரசுத் தலைவர் இதன் பார்வையாளர். துணைவேந்தரை நியமிப்பது அவர்தான். நடைமுறையில் அந்த வேலையைச் செய்வது மத்திய கல்வி அமைச்சகம்.

துணைநிலை ஆளுநருக்கும் இதில் ஒரு பதவி இருக்கிறது: தலைமை ரெக்டர். பெயர் கம்பீரமாக இருந்தாலும் கட்டணத்தை நிர்ணயிக்கிற பதவி அது இல்லை. கட்டணம் பல்கலைக்கழகத்தின் விதிகள் வழியாகத்தான் முடிவாகிறது. கல்விக்குழுவில் பேசப்பட்டு, நிர்வாகக் குழு ஒப்புதல் கொடுத்தால் நடைமுறைக்கு வந்துவிடும். அங்கே புதுச்சேரி சட்டமன்றத்துக்கு வேலையில்லை.

மாணவர் சேர்க்கையும் அப்படித்தான். 2022இல் இருந்து மத்திய பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் என்ற அகில இந்திய நுழைவுத்தேர்வு வந்துவிட்டது. பாகூர் அரசுப் பள்ளியில் படித்த பெண்ணும் பாட்னாவில் கோச்சிங் போன பையனும் ஒரே தேர்வு எழுதி, ஒரே பட்டியலில் நிற்கிறார்கள்.

இன்னொரு விஷயம் பலர் கவனிக்காதது. அரியாங்குப்பம் கொம்யூனிலேயே தவளக்குப்பத்தில் ராஜீவ் காந்தி கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. லாஸ்பேட்டையில் தாகூர் கல்லூரி, நகரத்தில் பாரதிதாசன் மகளிர் கல்லூரி என்று புதுச்சேரி அரசின் பொறுப்பில் பல கல்லூரிகள். சேர்க்கை சென்டாக் வழியாக நடக்கும். கல்லூரிக் கட்டணம் புதுச்சேரி அரசின் கையில். ஆனால் பட்டம் கொடுப்பது காலாப்பட்டு. அதனால் தேர்வுக் கட்டணம் போன்றவற்றை முடிவு செய்வதும் காலாப்பட்டுதான். காலாப்பட்டு வளாகத்துக்குள் காலே வைக்காத மாணவரின் ரசீதிலும் இரண்டு அரசுகள் இருக்கின்றன.

கட்டணம் ஏன் ஏறிக்கிட்டே போகுது?

மத்திய பல்கலைக்கழகங்களுக்கு யுஜிசி வழியாக மானியம் வருகிறது. அதில் பெரும்பகுதி சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போய்விடும். மீதிச் செலவுக்கு 'உங்க வருமானத்தை நீங்களே பெருக்கிக்கோங்க' என்பதுதான் பல ஆண்டுகளாகப் பல்கலைக்கழகங்களுக்குச் சொல்லப்படுவது. பல்கலைக்கழகம் எங்கிருந்து வருமானத்தைப் பெருக்கும்? இட்லிக் கடையா வைக்க முடியும்? படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், தேர்வுக் கட்டணம், விண்ணப்பக் கட்டணம். கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது மாணவர்தான்.

கட்டடம் கட்டும் பணத்திலும் பெரிய மாற்றம் வந்தது. 2017இல் மத்திய அரசும் கனரா வங்கியும் சேர்ந்து உயர்கல்வி நிதி முகமையைத் தொடங்கின. சுருக்கமாக ஹெஃபா. முன்பு மானியமாக வந்த பணத்தின் ஒரு பகுதி இதன் மூலம் கடனாக வரத் தொடங்கியது. வட்டியை அரசு பார்த்துக்கொள்ளும். அசலில் எவ்வளவு என்பது நிறுவனத்தின் வயதையும் வகையையும் பொறுத்தது. 2014க்கு முன்பு தொடங்கிய மத்திய பல்கலைக்கழகங்கள் கடன் வாங்கினால், அசலில் 10 சதவீதத்தைச் சொந்த வருமானத்தில் இருந்து கட்ட வேண்டும். பழைய ஐ.ஐ.டி. போன்ற தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு முழு அசலும் அவர்கள் பொறுப்பு. 10 சதவீதம் சின்னத் தொகைதானே என்று தோன்றலாம். ஆனால் 'சொந்த வருமானம்' என்ற அந்த வார்த்தைக்குப் பின்னால் இருப்பது மாணவர் கட்டும் கட்டணம்தான்.

மாணவர் பக்கத்திலும் உதவி கடன் வடிவத்துக்கு நகர்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிஎம் வித்யாலட்சுமி திட்டம் அதற்கு உதாரணம். ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்து மாணவருக்கு, 10 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. இது உதவிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கட்டணத்தைக் குறைப்பதும், கட்டணம் கட்டக் கடன் கொடுப்பதும் ஒன்றல்ல.

தமிழ்நாட்டில் மட்டும் எப்படி நிறுத்தினாங்க?

2023 நவம்பரில் அண்ணா பல்கலைக்கழகம் பருவத் தேர்வுக் கட்டணத்தை ஒரு தாளுக்கு 150 ரூபாயில் இருந்து 225 ரூபாயாக உயர்த்தியது. எதிர்ப்பு கிளம்பியது. சில நாள்களிலேயே அப்போதைய உயர்கல்வித் துறை அமைச்சர் பொன்முடி, உயர்வு நிறுத்தி வைக்கப்படுவதாக அறிவித்தார். அவரால் ஏன் முடிந்தது? அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்நாடு சட்டமன்றம் போட்ட சட்டத்தால் உருவானது.

அதே அண்ணா பல்கலைக்கழகத்துக்கு மத்திய அரசின் 'சீர்மிகு நிறுவனம்' அந்தஸ்து தேடி வந்த கதையும் பலருக்கு நினைவிருக்கும். அன்றைய துணைவேந்தர் சூரப்பா அதை வாங்கியே தீர வேண்டும் என்று நின்றார். 69 சதவீத இடஒதுக்கீட்டுக்கு ஆபத்து வரும், கட்டணம் உயரும் என்று சொல்லி 2020 அக்டோபரில் அன்றைய அ.தி.மு.க. அரசு அதை வேண்டாம் என்று மறுத்துவிட்டது. சரியா தவறா என்று இன்றும் விவாதிக்கலாம். ஆனால் 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை அந்த மாநில அரசுக்கு இருந்தது.

அதற்காகத் தமிழ்நாட்டில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. 2024இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளையே வருமான வரித்துறை முடக்கியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் மாதச் சம்பளம் கொடுக்கவே பணம் இல்லாத நிலை வந்தது. துணைவேந்தரை யார் நியமிப்பது என்று அரசும் ஆளுநரும் உச்ச நீதிமன்றம் வரை மோதினார்கள். மாநிலத்தின் கையில் பல்கலைக்கழகம் இருந்தால் மட்டும் கஜானா தானாக நிரம்பிவிடாது.

மாநிலம், யூனியன் பிரதேசம்: வித்தியாசம் ஒரு மாணவருக்கு எங்கே தெரியும்?

இதற்குத் தெளிவான உதாரணம் காலாப்பட்டில் இல்லை, மருத்துவச் சீட்டில் இருக்கிறது.

2020இல் தமிழ்நாடும் புதுச்சேரியும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் ஒரே முடிவை எடுத்தன. நீட் வந்த பிறகு அரசுப் பள்ளி மாணவர்கள் எம்.பி.பி.எஸ். பக்கமே போக முடியவில்லை, அவர்களுக்கு உள்ஒதுக்கீடு வேண்டும் என்பது அந்த முடிவு. தமிழ்நாடு 7.5 சதவீதம் என்றது. நாராயணசாமி தலைமையிலான புதுச்சேரி அமைச்சரவை 10 சதவீதம் என்றது.

தமிழ்நாடு சட்டமன்றம் 2020 செப்டம்பர் 15இல் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் பன்வாரிலால் புரோகித் கையெழுத்துப் போடாமல் வாரங்கள் ஓடின. கலந்தாய்வு நெருங்கிவிட்டது. அக்டோபர் 29இல் தமிழ்நாடு அரசு, அரசியலமைப்பின் 162ஆவது பிரிவு மாநில அரசுக்குத் தரும் நிர்வாக அதிகாரத்தைப் பயன்படுத்தி அரசாணையே போட்டுவிட்டது. மறுநாள் ஆளுநர் மசோதாவுக்கு ஒப்புதல் கொடுத்தார். அந்த ஆண்டே சுமார் 400 இடங்கள் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் போயின.

புதுச்சேரியில் என்ன ஆச்சு? அன்றைய துணைநிலை ஆளுநர் கிரண்பேடி கோப்பை மத்திய அரசுக்கு அனுப்பினார். விவகாரம் நீதிமன்றத்துக்கும் போனது. 162ஆவது பிரிவு மாநிலங்களுக்கு உரியது, யூனியன் பிரதேசத்துக்கு அது கைகொடுக்காது. ஆட்சி மாறியது, ஆளுநர் மாறினார். ரங்கசாமி முதல்வராக, தமிழிசை சௌந்தரராஜன் துணைநிலை ஆளுநராக இருந்தபோது, 2023இல்தான் உள்துறை அமைச்சகத்தின் ஒப்புதல் வந்தது. அந்த ஆண்டு 37 எம்.பி.பி.எஸ். இடங்கள் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கிடைத்தன.

இடையில் போனது மூன்று சேர்க்கை ஆண்டுகள். 2020, 2021, 2022இல் பிளஸ் டூ முடித்த வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த ஒதுக்கீடு இல்லை. சில கிலோமீட்டர் தள்ளி, கடலூர் மாவட்டத்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இருந்தது. தென்பெண்ணையின் இந்தக் கரை, அந்தக் கரை. 'மாநில உரிமை' என்ற சொல் மேடைப் பேச்சு போலக் கேட்கலாம். ஒரு ஆண்டு தாமதத்தில் சீட்டை இழந்த மாணவருக்கு அது அவ்வளவு சாதாரணமான சொல் இல்லை.

சட்டமன்றம் இருக்கே, அதிகாரம் இல்லையா?

இருக்கிறது, ஆனால் அரைகுறையாக. இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1954 அக்டோபர் 18இல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். வாக்களித்த 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர்வதற்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியா வசம் வந்தது. பிரான்ஸ் சட்டப்படி முழுமையாக ஒப்படைத்தது 1962 ஆகஸ்ட் 16இல். அந்த ஆண்டே அரசியலமைப்பில் 239ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. 1963இல் வந்த யூனியன் பிரதேச அரசாங்கச் சட்டத்தின்படிதான் புதுச்சேரிக்குச் சட்டமன்றமும் அமைச்சரவையும்.

அந்தச் சட்டத்தின்படி மாநிலப் பட்டியலிலும் பொதுப் பட்டியலிலும் உள்ள விஷயங்களில் புதுச்சேரி சட்டமன்றம் சட்டம் போடலாம். கல்வி 1976 வரை மாநிலப் பட்டியலில் இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் வந்த 42ஆவது திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. ஆக, புதுச்சேரி கல்விக்குச் சட்டம் போடலாம். ஆனால் நாடாளுமன்றச் சட்டத்தோடு மோதினால் நாடாளுமன்றச் சட்டம்தான் நிற்கும். அதோடு, யூனியன் பிரதேசத்துக்கு எந்தப் பட்டியலில் உள்ள விஷயத்திலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். தமிழ்நாட்டுக்கு இருக்கும் வேலி புதுச்சேரிக்கு இல்லை.

அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநருக்கும் கருத்து வேறுபட்டால் விஷயம் குடியரசுத் தலைவருக்கு, அதாவது மத்திய அரசுக்குப் போகும். பட்ஜெட்டைக்கூட டெல்லியின் முன் ஒப்புதல் வாங்கிய பிறகுதான் சட்டமன்றத்தில் வைக்க முடியும். தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேரோடு மூன்று பேர் வரை நியமன எம்.எல்.ஏ.க்கள். இவர்களை மத்திய அரசே நேரடியாக நியமிக்கலாம், இவர்களுக்கு ஓட்டுரிமையும் உண்டு என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2021 பிப்ரவரியில் நாராயணசாமி அரசு பெரும்பான்மை இழந்து கவிழ்ந்தபோது இந்த மூன்று பேரின் கணக்கும் பெரிதாகப் பேசப்பட்டது.

அன்றாட நிர்வாகத்தில் துணைநிலை ஆளுநர் தலையிடக் கூடாது என்று 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2020 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது.

கீழ் மட்டத்தில் நிலைமை இன்னும் மோசம். 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து, 2006இல்தான் புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011இல் அவர்கள் பதவிக்காலம் முடிந்த பிறகு கொம்யூன் பஞ்சாயத்துகள் மறுபடியும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள் இல்லாமலேயே ஓடின.

வரி வாங்கும்போது மாநிலம், பங்கு கொடுக்கும்போது இல்லையா?

இந்த விவகாரத்திலேயே விசித்திரமானது இதுதான். ஜிஎஸ்டிக்காக அரசியலமைப்பில் ஒரு விளக்கம் சேர்த்தார்கள். சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசமும் இந்த வரி விஷயத்தில் 'மாநிலம்' என்றே கருதப்படும் என்கிறது அது. அதனால் ஜிஎஸ்டி கவுன்சிலில் புதுச்சேரி அமைச்சர் தமிழ்நாட்டு அமைச்சருக்குச் சமமாக உட்காருகிறார். பல்கலைக்கழகங்கள் கல்லூரிகளுக்குத் தரும் இணைப்புச் சேவைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு என்று 2024 செப்டம்பரில் தெளிவுபடுத்தியதும் இந்தக் கவுன்சில்தான்.

ஆனால் மத்திய வரி வருவாயில் மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்கும் நிதிக் குழுவின் கணக்கில் புதுச்சேரி 'மாநிலம்' இல்லை. 15ஆவது நிதிக் குழு மாநிலங்களின் பங்கை 42 சதவீதத்தில் இருந்து 41 ஆக்கியது. காரணம், ஜம்மு காஷ்மீர் மாநிலம் யூனியன் பிரதேசமாகிவிட்டது. பட்டியலை விட்டுப் போனால் பங்கும் போய்விடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். புதுச்சேரி அந்தப் பட்டியலில் எப்போதுமே இருந்ததில்லை. உள்துறை அமைச்சகம் கொடுக்கும் மானியத்தைத்தான் நம்பியிருக்கிறது. 2007 டிசம்பரில் தனிப் பொதுக் கணக்கு தொடங்கியதில் இருந்து வெளிச்சந்தையில் கடன் வாங்கி, அதற்கு வட்டியும் கட்டுகிறது.

இதற்கும் கல்லூரிக் கட்டணத்துக்கும் என்ன சம்பந்தம்? சென்டாக் வழியாகத் தொழிற்கல்வி சேரும் உள்ளூர் மாணவர்களுக்குப் புதுச்சேரி அரசு காமராஜர் பெயரிலான திட்டத்தில் நிதியுதவி கொடுக்கிறது. அந்தப் பணம் இந்தப் பட்ஜெட்டில் இருந்துதான் வர வேண்டும். பட்ஜெட் இழுத்தால் உதவியும் இழுக்கும். உதவி வருவதற்குள் கல்லூரி நோட்டீஸ் போர்டில் பாக்கிப் பட்டியல் வந்துவிடும்.

மாநில அந்தஸ்து வந்தா காலாப்பட்டு கட்டணம் குறையுமா?

மாநில அந்தஸ்து கேட்டு புதுச்சேரி சட்டமன்றம் பலமுறை தீர்மானம் போட்டிருக்கிறது. 2025 மார்ச்சிலும் போட்டது. மேடைகளில் இந்தக் கோரிக்கையோடு பல்கலைக்கழகப் பிரச்சினையையும் சேர்த்தே பேசுகிறார்கள். இங்கேதான் ஒரு குழப்பம்.

புதுச்சேரி நாளைக்கே மாநிலமானாலும் காலாப்பட்டு மத்திய பல்கலைக்கழகமாகத்தான் இருக்கும். திருவாரூரைப் பாருங்கள். தமிழ்நாடு மாநிலம்தான். ஆனால் 2009இல் தொடங்கிய தமிழ்நாடு மத்திய பல்கலைக்கழகத்தின் கட்டணத்தைச் சென்னைக் கோட்டையால் நிர்ணயிக்க முடியாது. கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்கும் இதுவே பொருந்தும். அது 2008இல் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தின் கீழ் மத்திய சுகாதார அமைச்சகத்தின் கையில் இருக்கிறது.

அப்போ மாநில அந்தஸ்தால் கல்விக்கு என்ன கிடைக்கும்? நிதிக் குழு பங்கு கிடைக்கும். மருத்துவ ஒதுக்கீடு போன்ற முடிவுக்கு மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்காது. முக்கியமாக, சொந்தப் பல்கலைக்கழகங்களை வளர்க்கும் தெம்பு வரும். காலாப்பட்டில் இருந்து கல்லூரிகளைப் பிரித்து ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் கீழ் கொண்டுவர நினைத்தால், அதற்கான ஆசிரியர், கட்டடம், சம்பளம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும்.

அதற்கு ஒரு தொடக்கம் ஏற்கெனவே இருக்கிறது. 1984இல் தொடங்கிய புதுச்சேரி பொறியியல் கல்லூரி 2020 செப்டம்பர் 5இல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. புதுச்சேரி அரசின் முதல் பல்கலைக்கழகம் இது. இடம்? அதே காலாப்பட்டு பக்கம்தான். இரண்டு வளாகத்துக்கும் ஒரே பஸ் போகும், கட்டணம் கேட்கும் அரசுகள் வேறு வேறு.

வெளிநாட்டில் எப்படி?

ஒரே நாட்டுக்குள் யாருக்கு அதிகாரம் என்பதை வைத்துக் கட்டணம் மாறுவது வேறு இடங்களிலும் நடந்திருக்கிறது. பிரிட்டனில் 1998இல் பல்கலைக்கழகக் கட்டணம் ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரை என்று வந்தது. இங்கிலாந்தில் அது 2006இல் 3,000, 2012இல் 9,000 பவுண்டு வரை ஏறியது. ஸ்காட்லாந்துக்கு 1999இல் தனி நாடாளுமன்றம் கிடைத்தது. அங்கே உள்ளூர் மாணவர்கள் அங்கேயே படித்தால் கட்டணம் இல்லை, அரசே கட்டிவிடும். ஒரே பிரதமர், ஒரே நாணயம், ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் கடன், அந்தப் பக்கம் இலவசம். ஆனால் ஸ்காட்லாந்தில் இன்னொரு புகார் உண்டு: அரசு செலவு செய்வதால் உள்ளூர் மாணவர்களுக்கான இடங்களுக்கு உச்சவரம்பு இருக்கிறது.

ஜெர்மனியில் தலைகீழ். கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று மத்திய அரசு போட்ட தடையை, 'இது மாநிலங்களின் விஷயம்' என்று சொல்லி 2005இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் நீக்கியது. உடனே பல மாநிலங்கள் ஒரு பருவத்துக்கு 500 யூரோ வரை வாங்க ஆரம்பித்தன. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், மாநிலத் தேர்தல்களில் அது பிரச்சினையானது, ஒவ்வொரு மாநிலமாகக் கைவிட்டது. கடைசியாக லோயர் சாக்சனி 2014இல் நிறுத்தியது. மாநில உரிமைதான் கட்டணத்தைக் கொண்டுவந்தது. ஓட்டுக் கேட்டு வர வேண்டிய தூரத்தில் அரசு இருந்ததால் கட்டணம் போகவும் செய்தது.

இப்போ பிரச்சினை வந்தா யார்கிட்ட போறது?

ரசீதை எடுத்து முதலில் எந்த நிறுவனம் பணம் வாங்கியிருக்கிறது என்று பாருங்கள். காலாப்பட்டு பல்கலைக்கழகத்தின் படிப்பு, விடுதி, தேர்வுக் கட்டணம் என்றால் பல்கலைக்கழகப் பதிவாளர், அடுத்து யுஜிசி, மத்திய கல்வி அமைச்சகம். நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்ப புதுச்சேரிக்கு மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர் என்று இரண்டே எம்.பி.க்கள். அரசுக் கல்லூரியின் கட்டணம், சென்டாக் நிதியுதவி, தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்றால் புதுச்சேரி உயர்கல்வித் துறை. இங்கே எம்.எல்.ஏ.வைப் பிடிப்பதில் பலன் உண்டு. ஜிப்மர் என்றால் மத்திய சுகாதார அமைச்சகம்.

கட்டணம் எந்தக் கூட்டத்தில், எந்தக் காரணத்துக்காக உயர்ந்தது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அங்கேயும் பதில் இல்லையென்றால் இரண்டாவது மேல்முறையீடு. தமிழ்நாட்டில் மாநில அரசு அலுவலகம் பற்றிய மனு சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகும். புதுச்சேரிக்கு அப்படித் தனி ஆணையம் கிடையாது. தவளக்குப்பம் கல்லூரி பற்றிய கேள்வியாக இருந்தாலும், காலாப்பட்டு பற்றியதாக இருந்தாலும் மனு போக வேண்டியது டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்குத்தான்.